நின்ற வண்டியின் கடைசி நொடிகள்

ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று நின்றுபோனால், நின்ற பிறகு நடந்ததுதான் நம் நினைவில் தங்குகிறது. பின்னால் அடித்த ஹாரன், இறங்கித் தள்ளியது, டோ வண்டிக்காரர் சொன்ன வாடகை. நிற்பதற்கு முந்தைய சில நொடிகள் சுத்தமாக மறந்துபோகின்றன. கோளாறு தன் முகத்தைக் காட்டியது அந்த நொடிகளில்தான். பார்த்த ஒரே சாட்சி ஓட்டியவர். அவருக்கே அது நினைவில்லை என்றால் மெக்கானிக் இருட்டில்தான் தேட வேண்டும்.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் கடை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். வண்டி வந்ததும் அவர் பானெட்டைத் திறப்பதில்லை. ஓட்டிவந்தவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்பார்.

"எப்டி நின்னுச்சு சார்? பட்டுனு நின்னுச்சா, இழுத்து இழுத்து நின்னுச்சா?"

"தெரியலண்ணே. ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

"அது இருக்கட்டும் சார். நிக்கறதுக்கு முன்னாடி பிக்கப் கொறஞ்சுதா? ஏசி ஓடுச்சா? மீட்டர்ல ஏதாச்சும் லைட் வந்துச்சா?"

இப்படி ஒவ்வொன்றாகக் கேட்பார். வந்தவருக்குப் பொறுமை போய்விடும். அண்ணனுக்குப் போகாது. அவர் கேட்டு முடிக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் சம்பந்தப்பட்டது. தீப்பொறி போயிருக்கும், அல்லது வண்டியின் கம்ப்யூட்டருக்கு வரவேண்டிய ஒரு தகவல் அறுந்திருக்கும். இழுத்து, குலுங்கி, ஆக்சிலேட்டரை மிதித்தும் ஏறாமல், மூச்சுத் திணறி நின்றால் பெட்ரோலைச் சந்தேகிக்க வேண்டும். மழை ராத்திரியில் ஹெட்லைட் மெல்ல மெல்ல மங்கி, வைப்பர் சோம்பி, டாஷ்போர்டில் பேட்டரிச் சின்னம் எரிந்து, அதற்குப் பிறகு நின்றதா? ஆல்டர்னேட்டர் எப்போதோ வேலையை நிறுத்திவிட்டது, வண்டி அதுவரை பேட்டரியின் சேமிப்பில் ஓடியிருக்கிறது. அந்தப் பேட்டரியை மாற்றினால் அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம். மறுநாள் புதுப் பேட்டரியும் காலியாகி நிற்கும்.

*

நின்ற இடத்தைப் பற்றி முதலில். ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்ற வண்டியை ஆராய்வதைவிட அதில் உட்கார்ந்திருப்பவர்களைக் காப்பது முக்கியம்.

என்ஜின் நின்றதும் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். விட்டுவிட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்துவிடும். ஒரே சீராக அழுத்தி, இருக்கும் வேகத்திலேயே இடதுபுறம் ஒதுங்க வேண்டும். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை உருவக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஒதுங்கியதும் நாலு இண்டிகேட்டரும் எரியட்டும். குழந்தைகளை இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். முக்கோணம் நன்றாகப் பின்னால் போகட்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

இத்தனைக்கும் பிறகுதான் சாவி.

*

சாவியைத் திருப்பும்போது கேட்கும் சத்தம் என்னை எப்போதும் நிறுத்தி வைக்கும். காது கொடுத்தால் அது நிறையச் சொல்லும்.

ஒன்றுமே கேட்கவில்லை, விளக்கும் இல்லை என்றால் பேட்டரி டெர்மினலைக் கையால் ஆட்டிப் பார்க்கலாம். சீக்கிரமாக 'டக்டக்டக்' என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரியில் உயிர் இருக்கிறது, தெம்பு இல்லை. விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்து ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டாரையோ அதற்குப் போகும் ஒயரையோ பார்க்க வேண்டும். செல்ஃப் வழக்கமான தாளத்தில் சுற்றியும் வண்டி பிடிக்கவில்லை என்றால் இனிமேல்தான் கதை. வழக்கத்தைவிட வேகமாக, எதிர்ப்பே இல்லாமல், தையல் மிஷின்போல வழுக்கிக்கொண்டு சுற்றினால் கையைச் சாவியிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. டைமிங் பெல்ட் அறுந்து, உள்ளே அழுத்தமே இல்லாமல் இருக்கலாம். பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். சுற்றச் சுற்றச் செலவு கூடும்.

சாவியைத் திருப்புவதில் பாதியில் ஒரு நிறுத்தம் இருக்கிறது. ஸ்டார்ட் வரை போகாமல் ஆன் நிலையில் விட்டுவிட்டால், பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று நொடிக்கு 'ஊம்' என்று மெல்லிய சத்தம் வரும். டேங்குக்குள் மூழ்கியிருக்கும் பம்ப், பைப்பில் அழுத்தம் ஏற்றும் ஓசை அது. வண்டி நன்றாக ஓடும் நாளிலேயே ரேடியோவை அணைத்துவிட்டு இதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நின்றுபோன நாளில் அந்த ஓசை இல்லை என்றால், அப்போதுதான் இல்லாதது நமக்குத் தெரியும்.

அதே நிலையில் மீட்டரில் சாவிச் சின்னமோ பூட்டுச் சின்னமோ விட்டுவிட்டு எரிந்தால் வண்டி சாவியை அடையாளம் காணவில்லை. இன்னொரு சாவி வீட்டில் இருந்தால் அதை வரவழைப்பதே முதல் வைத்தியம்.

*

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் இரவுகள். பெருங்களத்தூரில் தொடங்கி வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று பரனூர் சுங்கச்சாவடி வரைக்கும் சிவப்பு விளக்குகளாகத் தெரியும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்த பிறகு வெளியூர்ப் பேருந்துகளின் கூட்டம் கோயம்பேட்டிலிருந்து இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. கார்களின் கூட்டம் அப்படியேதான் இருக்கிறது. முதல் கியர், நிறுத்தம், முதல் கியர், நிறுத்தம். எதிர்க்காற்றே கிடையாது. ரேடியேட்டர் ஃபேன் ஒன்றுதான் என்ஜினைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

இந்த ஊர்தலில் சில வண்டிகள் பட்டென்று நின்றுவிடும். டெம்பரேச்சர் முள் நடுவிலேயே இருக்கும். பெட்ரோல் இருக்கும். செல்ஃப் நன்றாகச் சுற்றும். பிடிக்காது. அரைமணி நேரம் ஓரமாகப் போட்டுவிட்டு டீ குடித்து வந்தால் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே நாள் முழுக்க ஓடும். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

இந்த வகைக் கோளாறில் நான் முதலில் நினைப்பது கிராங்க் சென்சாரை. கட்டைவிரல் அளவுப் பொருள். என்ஜினின் அடிப்பகுதியில், கிராங்க் ஷாஃப்ட்டோடு சுற்றும் ஒரு பல்சக்கரத்துக்கு எதிரில், மயிரிழை இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கும். பல கார்களில் அந்தச் சக்கரத்தில் 60 பற்களுக்கு இடம் வைத்து, அடுத்தடுத்து இரண்டை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். மிச்சம் 58. ஒவ்வொரு சுற்றிலும் அந்த வெற்றிடம் கடக்கும்போது, பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்கை நேர்செய்துகொள்ளும். எப்போது பெட்ரோலைத் தெளிப்பது, எப்போது பொறியைக் கொடுப்பது என்ற முடிவெல்லாம் இதிலிருந்துதான்.

சென்சாரின் உள்ளே சுருள் கம்பி இருக்கும் வகை என்றால், அந்தத் தலைமுடிக் கம்பியில் எங்கோ ஒரு கீறல் விழுந்திருக்கும். குளிர்ந்திருக்கும்போது இரண்டு நுனியும் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரியும்போது பிரியும். தகவல் நின்ற அந்தக் கணமே கம்ப்யூட்டர் பொறியையும் பெட்ரோலையும் நிறுத்திவிடுகிறது. என்ஜின் சுற்றுகிறது என்பதே அதற்குத் தெரியாமல் போகிறது.

கவனித்தவருக்கு ஓர் அடையாளம் கிடைக்கும். கியரில் உருண்டுகொண்டிருக்கும் வண்டியில் என்ஜின் இன்னும் சுற்றும்போதே ஆர்.பி.எம். முள் சடாரென்று பூஜ்யத்தில் விழும். செல்ஃப் அடிக்கும்போதும் அந்த முள் அசையாமல் படுத்திருக்கும். பல வண்டிகளில் இந்த ஒரு பார்வை போதும், மெக்கானிக்குக் கைகாட்டி மரம்போல. குளிர்ந்த சென்சாரைக் கழற்றி மீட்டரில் ஓம்ஸ் பார்த்தால் சரியாகவே காட்டும். சூடான காற்றை ஊதிக்கொண்டே பார்க்க வேண்டும். கோளாறு எந்தச் சூழ்நிலையில் வந்ததோ அந்தச் சூழ்நிலையை மறுபடி உண்டாக்காமல் அதைப் பார்க்க முடியாது.

*

பெருங்களத்தூரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் நினைவு வரும். இந்தத் தென்புறநகரில் இன்று இத்தனை கார்கள் நிற்கின்றன. இங்கேயே கார் செய்த ஒரு தொழிற்சாலை இருந்தது என்பதை இப்போது குடிவந்திருக்கும் பலர் அறியமாட்டார்கள். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு சேர்ந்து சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் சென்னையில் தொடங்கிய நிறுவனம். வேன்கார்ட், டென், பென்னன்ட் என்று வரிசையாக வந்து, 1961-இல் ஹெரால்ட் வந்தது. பிறகு 1972-இல் கெஸல். கடைசியாக 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000. வெளியே ரோவரின் அழகான உடல், உள்ளே பழைய வேன்கார்ட் வழிவந்த இரண்டு லிட்டர் என்ஜின். பெட்ரோலை நிறையக் குடித்தது. 1988-வாக்கில் உற்பத்தி நின்றது, மறுபடி தொடங்கவில்லை.

ஹெரால்டின் பானெட் மறக்க முடியாதது. மூடி மட்டும் திறக்காது. மட்கார்டுகளும் ஹெட்லைட்டும் சேர்ந்து, முன்பக்கம் முழுவதும் அப்படியே முன்னோக்கிக் கவிழும். என்ஜின் நாலு பக்கமும் வெட்டவெளியில் நிற்கும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டு நிதானமாக வேலை பார்க்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் இதோ, கார்புரேட்டர் அதோ, காயிலிலிருந்து போகும் ஒயர் இது. பிளக் ஒயரைப் பிடுங்கி, என்ஜின் உடலுக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்வார்கள். நீலமாகப் பொறி குதித்தால் கரண்ட் இருக்கிறது, பெட்ரோலைப் பார். மஞ்சளாக, சோகையாக வந்தால் கண்டென்சரைப் பார். பொறியே இல்லை என்றால் உப்புத்தாளால் பாயிண்ட்டை இரண்டு தேய்ப்புத் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்.

அந்தக் காலத்து வண்டிகள் சித்திரை வெயிலில் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என்ஜின்மேலேயே பெட்ரோல் பம்ப் பொருத்தியிருக்கும். சூட்டில் பைப்புக்குள் பெட்ரோல் ஆவியாகிக் குமிழ் கட்டிக்கொள்ளும். திரவத்தைத் தள்ளத் தெரிந்த பம்புக்கு ஆவியைத் தள்ள வராது. டாக்ஸி ஓட்டியவர்கள் ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பம்பின்மேல் சுற்றிவிட்டு, மர நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். குளிர்ந்ததும் கிளம்புவார்கள். காத்திருப்பதே அங்கே வைத்தியமாக இருந்தது.

இன்றைய வண்டியில் பானெட்டைத் தூக்கினால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. பிளக்குக்கு மேலேயே காயில். பழைய முறைப்படி ஒயரைத் தூக்கிப் பிடித்துப் பொறி பார்க்கப்போனால் கம்ப்யூட்டரே கெட்டுப்போகலாம், கையும் அதிரும். இருந்தும் கேள்விகள் மாறவில்லை. பெட்ரோல் வருகிறதா, பொறி வருகிறதா, காற்று போகிறதா, அழுத்தம் இருக்கிறதா, இவை நாலும் சரியான நேரத்தில் சேர்கின்றனவா. ஹெரால்டுக்கும் இதுதான், நேற்று ஷோரூமிலிருந்து வந்த பெட்ரோல் காருக்கும் இதுதான்.

*

தண்ணீரைப் பற்றி எழுதாமல் தாம்பரத்துக் காரைப் பற்றி எழுத முடியாது.

2015 டிசம்பர் 1. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மீட்புப் படகுகள் தெருக்களில் ஓடின. சென்னை வெள்ளம் என்றதும் செம்பரம்பாக்கம் ஏரி என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்தது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. இங்கே ஏறிய தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து, தூர்ந்தும் குறுகியும் கிடந்த ஆற்றில் ஒன்றாக இறங்கியது. காரணத்தைத் தவறான இடத்தில் வைத்தால் வைத்தியமும் அங்கேதான் போகும் என்பதால் இதை எழுதி வைக்கிறேன்.

அந்த வாரத்தில் கெட்ட என்ஜின்களில் பல, வெள்ளம் வடிந்த பிறகு கெட்டவை. தண்ணீர் இறங்கியது, வண்டி காய்ந்தது, வீட்டுக்காரர் ஆசையோடு சாவியைத் திருப்பினார். 'டங்' என்று ஒரு சத்தம்.

இதன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மூன்று சிலிண்டர், 998 சி.சி. என்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 333 சி.சி. அழுத்த விகிதம் பத்துக்கு ஒன்று என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 37 சி.சி. மட்டும். 37 மில்லி தண்ணீர், இரண்டரை மேசைக்கரண்டி. அதற்கு மேல் உள்ளே இருந்தால் பிஸ்டன் ஏற இடமில்லை. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. செல்ஃப் மோட்டாரின் வேகத்தில் சுற்றினால் அநேகமாக அங்கேயே முட்டி நின்றுவிடும். ஓடுகிற வேகத்தில் தண்ணீரை உறிஞ்சினால் கனெக்டிங் ராடு வளையும். ஒரு சிலிண்டரில் தண்ணீர் இருந்து மற்றவை பிடித்துக்கொண்டாலும் அதே கதிதான்.

காற்று உள்ளே போகும் வாய் எங்கே இருக்கிறது என்று நம்மில் பலர் பார்த்ததில்லை. நிறைய கார்களில் முன் கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட் உயரத்தில் இருக்கும். முழங்கால் தண்ணீரில் நாம் மெதுவாகப் போனாலும், எதிரே வரும் பேருந்து தள்ளும் அலை அந்த வாய்வரை ஏறிவிடும். ரயில்வே சுரங்கப்பாதைகளில் இறங்கும் வண்டிகள் இப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன. தண்ணீருக்குள் என்ஜின் நின்றுவிட்டால் சாவியை மறுபடி தொடவே கூடாது. இதைத் தயக்கமில்லாமல் சொல்வேன். தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஏர் ஃபில்டரைத் திறந்து தொட்டுப் பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க்கைக் கையால் மெல்லச் சுற்றி, துளை வழியாகத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் பால் கலந்த தேநீர்போலக் கலங்கியிருந்தால் அதை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் இது பலரையும் கலங்கடித்தது. வெள்ளச் சேதத்துக்கு முழு பாலிசி பொருந்தும். தண்ணீர் புகுந்த பின் ஸ்டார்ட் செய்ததால் உடைந்த என்ஜினைப் பின்விளைவுச் சேதம் என்று தள்ளிவிடுவது வழக்கம். அதற்குத் தனியாக என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். தாம்பரம், முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்கள் அதை ஆடம்பரமாக நினைக்க வேண்டாம்.

2024 அக்டோபரில் ரெட் அலர்ட் வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. நாடு முழுக்க அந்தப் படங்களைப் பார்த்தார்கள், சிலர் சிரித்தார்கள். எனக்கு அதில் அனுபவப்பட்ட ஜனங்களின் அறிவுதான் தெரிந்தது. பழுது பார்ப்பதில் முதல் படியை அவர்கள் மழைக்கு முந்தைய நாளே முடித்துவிட்டார்கள்.

*

மழைக்காலத்தில் பெட்ரோலும் சாட்சியாகும். பங்க்கில் போட்டுக்கொண்டு கிளம்பி, கொஞ்ச தூரத்திலேயே வண்டி இழுத்து நின்றால், ஒரு கண்ணாடி பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் சற்று நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் தண்ணீர். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 2022 ஜூனில் அது நாடு தழுவிய சராசரியாக 10 சதவீதத்தைத் தொட்டது, 2025-இல் 20-ஐ எட்டியது. எத்தனால் தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலைப் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். பங்க்கில் அடர்த்தியும் ஃபில்டர் பேப்பர் சோதனையும் கேட்டுப் பார்க்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு, கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

டேங்கை எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுவதும் பம்புக்கு ஆகாது. தன்னைச் சுற்றியிருக்கும் பெட்ரோலில்தான் அது குளிர்ந்துகொள்கிறது.

*

ஸ்கேனர் வந்த பிறகு சுலபமாகிவிட்டது என்கிறார்கள். ஒருவிதத்தில் உண்மை. இந்தியாவில் கார்கள் தம் கோளாறைத் தாமே பதிந்துவைக்கும் ஏற்பாடு 2010-இல் கட்டாயமாகத் தொடங்கி, 2013-இல் விரிவானது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினால் எண் வரும். பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சாரின் சர்க்யூட். இந்த இடத்தில்தான் பணம் வீணாகிறது. எண் சொல்வது சர்க்யூட்டை. அதில் சென்சார் ஒரு முனைதான். எலி கடித்த ஒயர், பச்சை பூத்த சாக்கெட், ஆயில் ஊறிய இணைப்பு, எல்லாமே அந்த ஒரே எண்ணைத்தான் எழுதும். சென்சாரை மாற்றி, சரியாகாமல், அடுத்துப் பம்பை மாற்றி, அதன்பின் கம்ப்யூட்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள். பொருளை மாற்றிப் பார்ப்பதும் கோளாறைக் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். முந்நூறு ரூபாய் மல்ட்டிமீட்டர் பல நேரம் கூடுதலாகச் சொல்லும். நிற்கும் வண்டியின் பேட்டரியில் 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது, ஓடும்போது 14-ஐ ஒட்டி நிற்க வேண்டும். இந்த மூன்று எண்களோடு ஆரம்பித்தால் நிறையச் சந்தேகங்கள் தாமே விலகும்.

அமெரிக்காவில் நடந்தது ஒன்று என் மனதை விட்டு அகலவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் சில கார்கள் ஓடும்போதே அணைந்துகொண்டிருந்தன. 2010-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் இளம் செவிலியர், கார் தானாக அணைகிறது என்று டீலரிடம் விட்டிருந்தார். எரிபொருள் அமைப்பைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்தார்கள். அவருடைய 29-ஆவது பிறந்தநாளன்று அந்தக் கார் விபத்தில் சிக்கி அவர் இறந்தார். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் தரப்பில் ஆராய்ந்த பொறியாளர், விபத்துக்குள்ளான காரின் இக்னிஷன் சுவிட்சையும் கடையில் வாங்கிய புதிய சுவிட்சையும் பிரித்துப் பக்கத்தில் வைத்து அளந்தார். உள்ளே இருக்கும் சிறிய பிளஞ்சர், புதியதில் 1.6 மில்லிமீட்டர் கூடுதல் நீளமாக இருந்தது. ஸ்பிரிங்கும் கெட்டி. பாகத்தின் எண் மட்டும் மாறவே இல்லை. கம்பெனி கோளாறை ஓசைப்படாமல் திருத்திவிட்டு எண்ணைப் பழையபடி விட்டிருந்தது. பழைய சுவிட்ச் தளர்வானது. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ, முழங்கால் இடித்தாலோ, மேடுபள்ளத்தில் குலுங்கினாலோ சாவி தானாகப் பின்னுக்கு நழுவி என்ஜினை அணைத்தது. காற்றுப்பையும் சேர்ந்து செயலிழந்தது. 2014-இல் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதி ஒப்புக்கொண்ட மரணங்கள் 124.

'அணைகிறது' என்று அந்தச் செவிலியர் சொன்னதை, 'எப்போது, எந்த இடத்தில், சாவி எந்த நிலையில்' என்று அங்கே ஒருவர் திருப்பிக் கேட்டிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது.

*

சமீபத்தில் அண்ணன் கடைக்கு ஒரு வண்டி வந்தது. வேளச்சேரியிலிருந்து மேடவாக்கம் வழியாகக் கிழக்குத் தாம்பரம் வரும் ரோட்டில் அடிக்கடி பட்டென்று நின்றுவிடுகிறதாம். கொஞ்ச நேரம் உயிரே இல்லாமல் கிடந்துவிட்டு, பிறகு தானாக வரும். ஸ்கேனரில் எந்த எண்ணும் இல்லை. வேறு இடத்தில் பேட்டரி புதிதாகப் போட்டிருந்தார்கள். ஓட்டிவந்தது ஓர் ஆசிரியை.

"எந்த எடத்துல நிக்குதும்மா?"

"குறிப்பா எடம்னு இல்லண்ணா. ஸ்பீடு பிரேக்கர் ஏறி எறங்குனா சில நேரம் நிக்குது."

அண்ணன் சாவிக்கொத்தைப் பார்த்தார். வீட்டுச் சாவி, பீரோ சாவி, பித்தளை முருகன். கார் சாவியை மட்டும் தனியாகப் பிரித்து, அவரையே உட்காரவைத்து, தெருமுனை வேகத்தடையில் மறுபடியும் மறுபடியும் ஏற்றி இறக்கச் சொன்னார். வண்டி நின்றது. அப்படியானால் சாவி காரணமில்லை. நிற்கும்போது உள்விளக்கும் அணைந்ததா என்று கேட்டார். அணைந்தது என்றார் அந்த அம்மா. அதைக் கேட்டதும் என்ஜினைப் பற்றிய எல்லா யோசனையையும் அண்ணன் தள்ளிவைத்துவிட்டார். முழு வண்டிக்கும் கரண்ட் நின்றுபோகிறது என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான வழியில்தான் அறுந்திருக்க வேண்டும்.

என்ஜினை ஓடவிட்டு, மரக்கைப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் ஒயர்களை ஒவ்வொன்றாக நெருடிக்கொண்டே போனார். பேட்டரிக்கு அடியில் பாடியோடு சேரும் தடித்த எர்த் ஒயரைத் தொட்டதும் வண்டி நின்றது. விட்டுவிட்டு, ஸ்டார்ட் செய்து, மறுபடி தொட்டார். மறுபடி நின்றது. கழற்றினால் போல்ட் அரைகுறையாகத்தான் ஏறியிருந்தது, முனையில் பச்சை பூத்திருந்தது. புதுப் பேட்டரி போட்டவர்கள் சரியாக இறுக்காமல் விட்டிருக்கலாம், அதற்கு முன்பிருந்தே அப்படி இருந்திருக்கலாம். உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, பெயின்ட்டையும் சுரண்டி, புது வாஷர் போட்டு இறுக்கினார்.

தேய்ப்பதற்கு முன்பே போனில் அந்த முனையை ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். பில்லோடு அதையும் அந்த அம்மாவுக்கு அனுப்பினார். இன்னொரு நாள் வேறொரு ஊரில் வண்டி நின்றால், அங்கே இருக்கும் மெக்கானிக்கிடம் முதலில் இதைக் காட்டச் சொன்னார்.